இரண்டு வீட்டுக்கு ஒரு கறுப்பு வயர்

அவனுக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் அந்தத் தெருக்களில் அவனுக்கு ஒத்தக்கை என்றுதான் பெயர். கரண்டு வேலை பார்க்கும்போது இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வான். வலது கை மட்டும்தான் டெஸ்டரைப் பிடித்துக்கொண்டு போகும், வரும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இது திமிராகத் தெரியும். வேடிக்கை பார்க்க வந்த ஆள் மாதிரி நிற்கிறானே, இவனுக்கா கூலி கொடுப்பது என்று உள்ளுக்குள் பொருமுவார்கள். கேட்டால் ஒரே பதில்தான் வரும். "ரெண்டு கையும் உள்ள போனா, கரண்டு ஒரு கையில ஏறி மறு கையில இறங்கும். போற வழியில நெஞ்சு இருக்கு. அதான் ஒரு கைக்கு லீவு குடுத்துட்டேன்."

புதுக் கட்டடங்களை அவன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவனுடைய இடம் பழைய வீடுகள். ஒரு ரூமில் மரப்பட்டை மேல் வயர் ஓடும், அடுத்த ரூமில் இரும்புக் குழாய்க்குள் ஓடும், அதற்கடுத்த ரூமில் எவனோ ஒருவன் அவசரத்துக்கு இழுத்துவிட்டுப் போன வயர் ஆணியில் தொங்கும். இந்த மாதிரி வீடுகளில் விளக்கு ஒரேயடியாய் செத்துப்போனால் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். எரிவதா அணைவதா என்று இழுபறியாய்க் கிடக்கிற விளக்குக்கு ஒத்தக்கைதான் வர வேண்டும். வந்ததும் பெட்டியைத் திறக்க மாட்டான். ஒரு நாற்காலி கேட்பான். விளக்குக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டுக்காரர் ஆரம்பத்திலிருந்து கதை சொல்லத் தொடங்கினால், "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, விளக்கு பேசட்டும்" என்பான்.

கோபம் அவனுக்கு மூக்குக்கு மேல் நிற்கும். அதுவும் அவசரப்படுகிறவர்களைக் கண்டால் சுத்தமாக ஆகாது. ஒரு மாடி வீட்டுக்காரர் சீக்கிரம் முடிப்பா என்று இரண்டு முறை சொன்னதற்கு, வேலையைப் பாதியில் விட்டு இறங்கி வந்தவன் அவன். அப்படிப்பட்ட முரடன் ஒருத்திக்கு மட்டும் பெட்டிப்பாம்பு. அவனுடைய தங்கச்சி. அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் பள்ளிக்கூடம் போன நாட்களில் இவன் மோட்டார் சுற்றுகிற கடையில் எடுபிடியாய் நின்று சோறு போட்டான். அவள் ஒரு சொல் சொன்னால் மறுசொல் கிடையாது.

அவள் வாழ்க்கைப்பட்ட வீடும் பழைய வீடுதான். முகம் ஒரு தெருவில், முதுகு இன்னொரு தெருவில் என்று நீளமாய்க் கிடக்கிற வீடு. மாமனார் போன கையோடு அண்ணன் தம்பி இருவருக்கும் பங்காளிக் காய்ச்சல் வந்துவிட்டது. எதனால் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், இரண்டிலும் பாதிதான் உண்மை. கூடத்துக்கு நடுவே சுவர் எழும்பியது. முன்தெருப் பக்கம் சின்னவருக்கு, அதாவது தங்கச்சியின் புருஷனுக்கு. பின்தெருப் பக்கம் பெரியவருக்கு. பாத்திரத்தைப் பிரித்தார்கள், பீரோவைப் பிரித்தார்கள், நாற்காலிகளை எண்ணிப் பிரித்தார்கள். கூடத்து மின்விசிறி ஒருவருக்கும் அதன் ரெகுலேட்டர் இன்னொருவருக்கும் போனது என்றால், அந்தப் பஞ்சாயத்து எந்த அழகில் நடந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தனி வீடு என்று ஆனதும் தனி மீட்டர் வேண்டுமே. சொந்தத்தில் கைதேர்ந்த ஆள் ஒருவன் இருக்கிறான். ஆனால் ஒத்தக்கை சின்னவரின் மச்சான் அல்லவா, அவனை எப்படி நம்புவது? பெரியவர் எங்கிருந்தோ ஒருவனைக் கூட்டிவந்து மீட்டர் வைத்துக்கொண்டார். அவன் ஒரு பிற்பகலில் வேலையை முடித்து, விளக்கு எரிகிறதா, எரிகிறது என்று காட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு மூன்று வருஷமாய் அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை.

இந்த நிலைமையில்தான் ஒரு மழை மூட்டமான பிற்பகலில் தங்கச்சி போன் செய்தாள். "அண்ணே, லைட்டு துடிதுடின்னு துடிக்குது. ஊசியில நூல் கோக்க முடியல. அவரு வேற ஒரு மாதிரியா இருக்காரு. கொஞ்சம் வந்துட்டுப் போ." அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். ஒத்தக்கை கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

போனதும் வழக்கம்போல நாற்காலியைக் கேட்டான். சின்னவருக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், நீங்க உக்காந்து பாக்க வேண்டிய அவசியமே இல்ல. நானே கண்டுபிடிச்சிட்டேன். பின்வீட்டுல மோட்டார் போட்டா என் வீட்டுல லைட்டு துடிக்குது. அந்த ஆளு என் கரண்ட்டத் திருடுறாரு."

"கொஞ்சம் சும்மா இருங்க மாப்ள."

சொல்லி வைத்தாற்போல் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார் உறுமியது. இந்தப் பக்கம் கூடத்து விளக்கு மங்கி, நடுங்கி, மறுபடி ஏறி, மறுபடி மங்கியது. சின்னவர் பாத்தீங்களா என்று பார்வையாலேயே கேட்டார்.  ஒத்தக்கையின் கண் விளக்கை விட்டு நடுச்சுவருக்கு மேலே போனது. கூரையை ஒட்டி ஒரு பழைய மரப்பெட்டி இருந்தது. இரண்டு பாதி வீட்டுக்கும் வயர் பிரிகிற இடம் அதுதான். சுண்ணாம்பு அடித்து அடித்து அதைச் சுவரோடு சுவராக்கி வைத்திருந்தார்கள்.

மர ஏணியைப் போட்டு ஏறினான். மூடியைத் திறந்ததும் கருகிய வாடை முகத்தில் அடித்தது. உள்ளே கறுப்பு வயர்கள் நாலைந்து ஒன்றாய் முறுக்கி டேப் சுற்றியிருந்த இடம் உருகிப்போய், உள்ளே செம்பு கன்றியிருந்தது. இதுவரைக்கும் சாதாரண விஷயம்தான். பழைய வீட்டில் பாதி நோய் இப்படிப்பட்ட முடிச்சில்தான் இருக்கும். கீழே குனிந்து, வீட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் அணைக்கச் சொன்னான். தங்கச்சி ஒவ்வொன்றாய் அணைத்தாள். வீடு அடங்கியது. ஆனால் அந்த முடிச்சு அடங்கவில்லை. இன்னும் கிசுகிசுவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வயரைக் கவ்விப் பிடித்துக் கணக்குச் சொல்கிற மீட்டரை எடுத்துக் கறுப்பு வயரில் மாட்டினான். இந்த வீட்டில் ஒரு பொட்டு விளக்குகூட எரியாதபோது அந்த வயரில் ஒரு மோட்டார் அளவுக்குக் கரண்டு ஓடிக்கொண்டிருந்தது. 

விஷயம் இதுதான். கரண்டு ஒரு வயரில் வீட்டுக்குள் வரும், இன்னொரு வயரில் திரும்பிப் போகும். வருகிறது சிவப்பு, திரும்புகிறது கறுப்பு. பெரியவர் வீட்டுக்கு மீட்டர் வைத்த அந்தப் புண்ணியவான் சிவப்பை மட்டும் தனியாக இழுத்துவிட்டு, கறுப்பை அப்படியே விட்டுப் போயிருந்தான். விளக்கு எரிகிறதே, போதாதா? ஆக மூன்று வருஷமாய்ப் பெரியவர் வீட்டில் ஓடின கரண்டெல்லாம் இந்த முடிச்சு வழியாய், சின்னவர் வீட்டு மெயின் சுவிட்சு வழியாய்த்தான் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. முடிச்சுக்கு இரட்டைச் சுமை. அதனால்தான் அங்கே மோட்டார் போட்டால் இங்கே விளக்குக்கு நடுக்கம் வந்தது.

நடுக்கத்தோடு போனால் பரவாயில்லை. சின்னவர் வீட்டு மெயினை அணைத்தால் திரும்பிப் போகிற வழி அடைபட்டுவிடும். வழி அடைபட்ட கரண்டு அந்தக் கறுப்பு வயரிலேயே முழு பலத்தோடு வந்து நிற்கும். எவன் தொடுகிறானோ அவன் வழியாய் இறங்கும். அதாவது மெயின் போட்டிருக்கும்போது அந்த வயர் சாது. மெயினை அணைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று தொடுகிறவனைத்தான் அது அடிக்கும்.

ஒத்தக்கை இறங்கி வந்து, அவனால் முடிந்த அளவு பொறுமையாகச் சொன்னான். சின்னவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ அந்த ஆளோட கரண்டு என் வயர்ல ஓடுது" என்றார்.

"ஆமா."

"அதத்தானே நானும் முதல்ல இருந்து சொல்லிட்டு இருக்கேன்."

என்னத்தைச் சொல்ல. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். ஒத்தக்கை பல்லைக் கடித்துக்கொண்டான். "இது திருட்டு இல்ல மாப்ள, பிழை. நான் பின்தெருவுக்குப் போயி பெரியவர்கிட்ட சொல்லி, அவரு மெயினையும் அணைக்க வச்சிட்டு வரேன். ரெண்டும் அணைஞ்சாத்தான் இதுல கை வைக்கணும். அது வரைக்கும் நீங்க இந்தப் பக்கமே வரக்கூடாது. மெயின ஆஃப் பண்ணிட்டும் வரக்கூடாது."

"என் வீட்டு வயர வெட்ட அந்த ஆளுகிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"மச்சான் செத்தா கம்பளி மிச்சம்னு சொல்லுவாங்க. உங்க கம்பளி எனக்கு வேணாம், நீங்களே போத்திக்குங்க. சும்மா உக்காருங்க." தங்கச்சி சிரித்துவிட்டாள். சின்னவர் சிரிக்கவில்லை. ஒத்தக்கை அதைக் கவனிக்கவில்லை. சட்டைப் பையில் டெஸ்டரை மட்டும் செருகிக்கொண்டு புறப்பட்டான். ஏணி மேலே ஏறும்போது போனைக் கையில் வைத்துக்கொள்வதில்லை என்பதால் அது அவன் கைப்பையிலேயே கிடந்தது. மரப்பெட்டி திறந்து கிடந்தது. ஏணி சுவரில் சாய்ந்தபடியே நின்றது. வெட்டுகிற குறடு மேல்படியில் இருந்தது. ஊரில் எல்லாருடைய அவசரத்தையும் திட்டுகிறவன், அன்றைக்கு அவசரமாகத்தான் கிளம்பினான்.

வீட்டுக்கு நடுவே சுவர் இருப்பதால், பின்வீட்டுக்குப் போகத் தெருமுனை வரை நடந்து, டயர் கடையைச் சுற்றி, பின்தெருவில் அத்தனை தூரமும் திரும்பி வர வேண்டும். மழை தூறத் தொடங்கியிருந்தது. ஒத்தக்கை நனைந்துகொண்டே கதவைத் தட்டினான். பெரியவர் கதவைப் பாதி திறந்து, வழியை மறித்து நின்றார்.

"என்னய்யா, அதிசயமா இருக்கு. ஒரு கை தம்பிக்கு வேல பாக்குது, இன்னொரு கை எனக்கு வேல பாக்க வந்திருக்கா?"

"பெரியவரே, ஒரு நிமிஷம். உங்க மெயின கொஞ்ச நேரம் அணைக்கணும்."

"எதுக்கு?"

"உள்ள வந்து சொல்றேனே."

பெரியவரின் மனைவிதான் உள்ளேயிருந்து, "நனையறாரு பாருங்க, உள்ள விடுங்க" என்றாள். மனுஷன் அரை மனதோடு வழி விட்டார். கூடத்தில் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது. ஒத்தக்கை உட்காராமலேயே சொல்லத் தொடங்கினான். பெரியவர் பாதியில் மறித்தார். "நீ சொல்றது இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. உன் மாப்ள தோணும்போதெல்லாம் என் வீட்டு கரண்ட்ட நிறுத்துறானே, அது எப்படி? எனக்குத் தனி மீட்டர், தனி மெயின். அதுக்குப் பூட்டும் போட்டாச்சு. அப்படியும் அவன் வீட்டுல இருந்துக்கிட்டே என் வீட்ட இருட்டாக்குறான்."

"அதத்தான் சொல்ல வரேன். உங்க கறுப்பு வயரு..."

அவன் சொல்லி முடிக்கவில்லை. கூடத்து விளக்கு அணைந்தது. விசிறி தளர்ந்து, இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"பாத்தியா? பாத்தியா? இப்போ உன் கண்ணு முன்னாலயே பண்ணிட்டான் பாரு." பெரியவர் மூலையில் சாத்தியிருந்த தடியை எடுத்துக்கொண்டு நடுச்சுவருக்குப் போய் ஓங்கி ஓங்கி இடிக்கத் தொடங்கினார். இது மூன்று வருஷப் பழக்கம். விளக்கு போகும், இவர் சுவரை இடிப்பார், அந்தப் பக்கம் சின்னவர் காது கேளாதவர் மாதிரி இருந்துகொள்வார். இடி எவ்வளவு பலமோ அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

ஒத்தக்கைக்கு மட்டும்தான் தெரியும், அந்த விளக்கு ஏன் அணைந்தது என்று. சின்னவர் தன் மெயினை அணைத்துவிட்டார், திரும்புகிற வழி அடைபட்டு இங்கே இருட்டாகிவிட்டது. அணைத்தவர் இப்போது ஏணியில் ஏறிக்கொண்டிருப்பார்.  சுவரில் வாயை வைத்து, "மாப்ள, தொடாதீங்க, தொடாதீங்க" என்று கத்தினான். பக்கத்தில் பெரியவரின் தடி இடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கேட்டால்கூட, பெரியவர் ஆளை வைத்துக் கத்துகிறார் என்றுதான் அவர் நினைப்பார்.

தடியைப் பிடுங்கி எறிந்தான். பெரியவர் திகைத்துப்போனார். "பெரியவரே, உங்க தம்பி கறுப்பு வயர வெட்டப் போறாரு. அவரு மெயின் அணைஞ்சிருக்கு. ஆனா உங்க வீட்டு கரண்டு அந்த வயர்ல நிக்குது. தொட்டா ஆளு முடிஞ்சது. போன் எங்க?"

பெரியவர் நம்பவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள் என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவர் மனைவி நம்பினாள். அவள்தான் போனை எடுத்துக் கொழுந்தனாரின் எண்ணை அழுத்தினாள். ஒரு மணி அடித்தது, உடனே துண்டித்தார். மறுபடி அழுத்தினாள், மறுபடி துண்டித்தார். அவ்வளவுதான், அவள் போனைப் போட்டுவிட்டு, மூட்டு வலி உள்ள காலோடு மழையில் தெருவில் ஓடினாள். தெருமுனை, டயர் கடை, முன்தெரு. அவள் போய்ச் சேரும்வரை வயர் காத்திருக்குமா?

"மெயின் எங்க?"

"அங்க." பெரியவர் காட்டிய இடத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு கனமான மரப்பெட்டி. அதில் ஒரு பெரிய பூட்டு. தம்பி ஆளை வைத்து மெயினில் கை வைத்துவிடுவான் என்று பூட்டின பூட்டு அது.

"சாவி?"

பெரியவர் சட்டைப் பையைத் தடவினார். அலமாரியைத் தடவினார். அவருக்கு அப்போதும் பாதி நம்பிக்கைதான், அதனால் கை பாதி வேகத்தில்தான் ஓடியது. ஒத்தக்கை அவரை எதிர்பார்த்து நிற்கவில்லை. மெயின் அணையாவிட்டால் போகிறது, வீட்டில் உள்ள ஒவ்வொன்றையும் அணைத்துவிட்டால் அந்த வயருக்கு இங்கிருந்து கரண்டு போகாது. ஓடினான். கூடத்து சுவிட்சுகளை ஒரே இழுப்பில் அணைத்தான். பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். சமையலறை, குளியலறை, மோட்டார் சுவிட்சு. எதுவுமே எரியாத வீட்டில் எது போட்டிருக்கிறது, எது அணைந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து அணைப்பது எவ்வளவு கொடுமை தெரியுமா? ஒவ்வொரு சுவிட்சாய்த் தடவித் தடவிப் போனான்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி அலறினாள். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் அலறல்.

பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அந்த மனுஷன் முகத்தில் என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சாவியை விட்டுவிட்டார். படிக்குக் கீழே போய் அந்தப் பெட்டியின் கதவில் விரலை நுழைத்து இழுக்கத் தொடங்கினார்.

ஒத்தக்கை மாடிப்படிக்கு வந்திருந்தான். மிச்சம் இருந்தது படி விளக்கு ஒன்றுதான். அதற்குக் கீழே ஒரு சுவிட்சு, மேலே ஒரு சுவிட்சு. எங்கேயிருந்து வேண்டுமானாலும் போடலாம், எங்கேயிருந்து வேண்டுமானாலும் அணைக்கலாம். ஆகவே சுவிட்சைப் பார்த்து அது போட்டிருக்கிறதா இல்லையா என்று உலகத்தில் எவனாலும் சொல்ல முடியாது. தட்டினால் அணையலாம், தட்டினதாலேயே எரியலாம். பல்பைக் கழற்ற வேண்டும். அதுவோ எட்டாத உயரத்தில் தொங்கியது, பழைய காலத்துக் குண்டு பல்பு. அந்த ஒரு பல்பு வழியாய்ப் போகிற கரண்டு ஒரு ஆளைக் கொல்லத் தாராளமாய்ப் போதும். கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்று எட்டினான். விரல் நுனி பட்டது, பிடி கிடைக்கவில்லை. கீழே மரம் முறிகிற சத்தம் கேட்டது. பெரியவர் பெட்டிக் கதவைக் கீலோடு பெயர்த்து, மெயினைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

அடுத்த நொடி சுவருக்கு அந்தப் பக்கம் தொம் என்று ஏதோ விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஒத்தக்கை ஓடின ஓட்டம் அவனுக்கே நினைவில்லை. டயர் கடைக்காரர் ஏதோ கேட்டார், அது மட்டும் நினைவிருக்கிறது. தங்கச்சி புருஷன் செத்துக் கிடக்கிறான், திறந்த பெட்டியையும் ஏணியையும் அவனிடம் கொடுத்துவிட்டு வந்தது நான்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. வாசலில் நுழைந்தான். ஏணிக்குக் கீழே சின்னவர் கிடந்தார். மூன்று வருஷமாய்ப் பேசாத இரண்டு ஓரகத்திகளும் ஆளுக்கொரு பக்கம் அவரைப் பிடித்திருந்தார்கள். கண் மூடியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. வலது உள்ளங்கையில் வயர் பதிந்த இடம் வெந்து வெள்ளையாய் இருந்தது.

பின்னாலேயே பெரியவர் வந்து வாசலில் நின்றார். செருப்பு இல்லை. விரல்களில் சிலாம்பு ஏறி ரத்தம் சொட்டியது. அவர் ஒத்தக்கையைத்தான் பார்த்தார். "உசிரு இருக்கா?"

"இருக்கு."

தலையை ஆட்டினார். உள்ளே ஒரு அடி வைக்கவில்லை. திரும்பி மழையில் நடந்து போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சுக்கு வரைபடம் எடுத்துப் பார்த்து, ஒரு நாள் இருக்கட்டும் என்று சொன்னார். வராந்தா பெஞ்சில் ஒத்தக்கை உட்கார்ந்திருந்தான்.  தங்கச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. "அந்த ஏணிய ஏண்ணே விட்டுட்டுப் போன?" என்று மட்டும் கேட்டாள். அவள் ஒரு சொல் சொன்னால் அவனிடம் மறுசொல் இருந்ததில்லை, அன்றைக்கும் இல்லை.

சாயங்காலம் சின்னவர் தெளிந்து பேசினார். "வெட்டுனப்போ ஒண்ணும் ஆகல மச்சான். குறடுல ரப்பர் இருந்துச்சு. அப்புறம் முனைய வளைக்கலாம்னு வெறுங்கையால பிடிச்சேன். இன்னொரு கை அந்த இரும்புக் குழாய்ல இருந்துச்சு. அப்படியே பிடிச்சிக்கிச்சு. விடணும் விடணும்னு நினைக்கிறேன், கை விடல. அவ கத்துறது கேக்குது, என்னால வாயத் திறக்க முடியல. செத்தேன்னே நினைச்சேன். அப்புறம் தானா விட்டுடுச்சு."

"தானா விடல" என்றான் ஒத்தக்கை. "கரண்டு யாரையும் பாவம்னு விடாது. உங்க அண்ணன் பெட்டிய வெறுங்கையால பெயர்த்து மெயின இழுத்தாரு. அதான் விட்டுச்சு."

 சின்னவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். தங்கச்சி போர்வையை இழுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு, வேலை தொடங்குகிற அன்று காலையில், அவர் ஒத்தக்கையைத் தனியாகக் கூப்பிட்டார். "மச்சான், அந்த வயர ஏன் பிரிக்கணும்? முடிச்ச மட்டும் நல்லா போட்டுடுங்க. அண்ணன் வீட்டு கரண்டு என் வீட்டு வழியாவே போகட்டுமே. எனக்கு என்ன நஷ்டம்?" சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

ஒத்தக்கைக்கு வந்ததே கோபம். "உங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அண்ணன் மேல பாசம் வந்தா அவரு வீட்டுக்குப் போயி உக்காருங்க, சட்டை எடுத்துக் குடுங்க, கட்டிப் பிடிச்சி அழுங்க. கறுப்பு வயர்ல பாசத்தக் காட்டாதீங்க. இது இப்படியே இருந்தா நாளைக்கு உங்க பிள்ளைங்கள்ல எவனாவது ஒருத்தன் ஏணியில ஏறுவான்." 

பெரியவர் வீட்டுக்குப் புதுக் கறுப்பு வயர் மீட்டரிலிருந்து தனியாக இழுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது நடுச்சுவர்ப் பெட்டிக்குள் பழைய முனைகளைப் பிரித்து எடுப்பதுதான். அதற்கு இரண்டு மெயினும் அணைய வேண்டும். சின்னவர் தன் மெயினை அணைத்துவிட்டு அதன் பக்கத்தில் காவல்காரன் மாதிரி நின்றார். ஒத்தக்கை ஏணியில் ஏறி, இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "பெரியவரும் அணைச்சிட்டாரான்னு கேளுங்க" என்றான்.

"நீங்க போயி கேட்டுட்டு வாங்களேன்."

"டயர் கடைய நான் சுத்தினது போதும். அவரு சுவருக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறாரு. நீங்களே கேளுங்க. சொன்னாத்தான் நான் கைய வைப்பேன். இல்லன்னா சாயங்காலம் வரைக்கும் இப்படியே நிக்கிறேன்."

சின்னவர் சுவர்ப் பக்கம் போனார். தொண்டையைச் செருமினார். தங்கச்சி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மூன்று வருஷமாய் அந்தச் சுவரோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கையைச் சுவரில் வைத்தார், எடுத்தார்.

"அண்ணே" என்றார். குரல் பாதிதான் வந்தது. அதற்கு மேல் கேட்க வேண்டியதைக் கேட்க வரவில்லை.

கேட்கும்வரை அந்தப் பக்கம் காத்திருக்கவில்லை. சுவரோடு காதை ஒட்டி நின்றிருக்க வேண்டும், அவ்வளவு பக்கத்தில் இருந்து வந்தது பெரியவரின் குரல். "அணைச்சு ரொம்ப நேரம் ஆச்சுடா. நான் இங்கேயேதான் நிக்கிறேன், ஒருத்தரும் போட மாட்டாங்க. நீ அந்த ஏணிப் பக்கம் போகாத."